குளொவ் பொக்ஸ் கொக்கி திருத்த வேலை தொடர்பான புகார்

ஸ்காபரோ, ஒன்ராறியோ
14 யூலை 2025

முகாமையாளர் அவர்களுக்கு,

விடயம்: 1993 மஸ்டா மியாட்டா. மே 12 அன்று ஒப்படைத்த குளொவ் பொக்ஸ் (பயணி இருக்கைக்கு முன்னால் டாஷ்போர்டில் இருக்கும் மூடியுள்ள சின்னப் பெட்டி) வேலை, திரும்பி வராத பழைய கொக்கி, காரில் இல்லாத எயார் பாக்குக்கு அறவிட்ட பணம்.

அன்புடையீர்,

எட்டு வருடமாக நான் உங்கள் கராஜின் வாடிக்கையாளன். மனைவியின் காருக்கு பிரேக் மாற்றுவது, குளிர்கால ரயர் போடுவது, ஒயில் மாற்றுவது எல்லாம் உங்களிடம்தான். அந்த வேலைகளில் எனக்கு ஒரு குறையும் இல்லை. அந்த நம்பிக்கையில்தான் மியாட்டாவையும் உங்களிடம் கொண்டுவந்தேன். யூலை 2 ஆம் திகதியும் 7 ஆம் திகதியும் தொலைபேசியில் பேசிப் பார்த்தேன், பலன் இல்லை. அதனால் நடந்ததை ஒழுங்காக எழுத்தில் தருகிறேன். உங்கள் கடையில் நாம் எப்போதும் தமிழில்தான் பேசியிருக்கிறோம். கடிதத்தையும் தமிழிலேயே எழுதுகிறேன்.

முதலில் காரைப் பற்றி. இது 1989 பெப்ரவரியில் சிக்காகோ கார் கண்காட்சியில் மஸ்டா முதன்முதலில் காட்டிய இரண்டு இருக்கைக் கார். 1.6 லீற்றர் எஞ்சின், ஏறக்குறைய ஆயிரம் கிலோ எடை, எழுந்து நிற்கும் முன் விளக்குகள். என் அண்ணா 2001 இல் இதைப் பழைய காராக வாங்கினார். 2012 இல் அவர் கல்கரிக்கு மாறிப் போனபோது சாவியை என் கையில் தந்துவிட்டுப் போனார். எந்த மாதம் எந்த வேலை செய்தது, எத்தனை கிலோமீற்றரில் பெல்ற் மாற்றியது என்று அவர் கைப்பட எழுதிய கொப்பி இன்றும் குளொவ் பொக்ஸுக்குள்தான் இருக்கிறது. கார் உரிமைப் பத்திரமும் காப்புறுதி அட்டையும் அதற்குள்தான். பொலிஸ் மறித்தால் எடுத்துக் காட்ட வேண்டிய இரண்டும் அவை. பின்னுக்கு இருக்கை இல்லாத கார். பொருள் வைப்பதற்கு வேறு இடமும் அதிகம் இல்லை. அந்த மூடி பூட்டி நிற்பது எனக்கு அலங்கார விடயம் அல்ல.

இந்த வருடம் ஏப்ரலில் கொக்கி உடைந்தது. கைப்பிடியை இழுத்தால் உள்ளே இருக்கும் நாக்கு பின்வாங்கும், விட்டால் ஸ்பிரிங் அதைத் திரும்பத் தள்ளும், மூடியை அழுத்தினால் நாக்கு டாஷ்போர்டில் இருக்கும் பிடிமானத்தில் விழுந்து பிடிக்கும். வேலை அவ்வளவுதான். 32 வருட வெயிலும் ரொறன்ரோக் குளிரும் பட்டுப்பட்டு பிளாஸ்ரிக் இறுகிப் போயிருந்தது. ஒரு காலை மூடியைச் சாத்தும்போது நாக்கின் நுனி, ஒரு சுண்டு விரல் நகம் அளவு, முறிந்து கீழே விழுந்தது. அதற்காக நான் யாரையும் குறை சொல்லவில்லை. முறிந்த துண்டைத் தேடி எடுத்து ஒரு சின்ன சிப் பையில், அதாவது வாயை அழுத்தி மூடும் பிளாஸ்ரிக் பையில், போட்டு வைத்தேன்.

நுனி கையில் இருக்கும்வரை இது எளிதில் திருத்தக்கூடிய உடைவு. இரண்டு பக்கத்திலும் மெல்லிய துளை போட்டு, ஒரு மில்லிமீற்றர் உருக்குக் கம்பியை உள்ளே வைத்து, எபொக்சிப் பசை பூசி ஒரு நாள் அசையாமல் வைத்தால் பிடித்துவிடும். முன்பென்றால் நானே செய்திருப்பேன். இப்போது மூட்டு வாதத்தால் என் விரல்கள் அவ்வளவு சின்ன வேலைக்கு இடம் தருவதில்லை.

மே 12 திங்கட்கிழமை காலை காரையும் அந்தச் சிப் பையையும் உங்கள் கவுண்டரில் ஒப்படைத்தேன். அங்கே நின்ற தம்பியிடம் இரண்டு விடயம் சொன்னேன். உடைந்த நுனியை ஒட்டிப் பார்க்க முடியுமா என்று முதலில் பாருங்கள். முடியாவிட்டால் வேறு கொக்கி போடுங்கள். எதைச் செய்தாலும் பழைய கொக்கியும் நுனியும் எனக்குத் திரும்ப வேண்டும். இரண்டையும் அவர் வேலைப் படிவத்தில் எழுதினார். எனக்குத் தந்த பிரதியில் “பழைய பாகம் வாடிக்கையாளருக்கு” என்று அவர் கையெழுத்திலேயே இருக்கிறது. கொக்கிக்கு 85, கூலிக்கு 95, வரிக்கு முன் மொத்தம் 180 டொலர் என்று எஸ்டிமேட்டும் அதே தாளில் எழுதித் தந்தார்.

மே 15 அன்று காரை எடுக்க வந்தபோது பில் 263 டொலர். எச்.எஸ்.ரி. விற்பனை வரி சேர்த்து 297 டொலர் 19 சதம். இடையில் எனக்கு ஒரு தொலைபேசி அழைப்பும் வரவில்லை. கூடிய 83 டொலரில் 23 டொலர் கடைப் பொருட்கள் என்ற பெயரில் இருந்தது. மற்ற 60 டொலருக்கு நேரே “பயணி எயார் பாக் இணைப்புத் துண்டித்தல்” என்று எழுதியிருந்தது. ஐயா, இந்தக் காரில் பயணிப் பக்கம் எயார் பாக்கே கிடையாது. வட அமெரிக்காவில் விற்ற 1990 முதல் 1993 வரையான மியாட்டாவில் சாரதிக்கு மட்டும்தான் எயார் பாக். பயணிக்கும் வைத்தது 1994 மாடலில் இருந்து. அதற்காகத்தான் டாஷ்போர்டையே மாற்றினார்கள். ஆண்டு 1993 என்று உங்கள் பில்லின் தலைப்பிலேயே இருக்கிறது. காரைத் திறந்து பார்த்து வேலை செய்த எவருக்கும் இந்த வரியை எழுத வந்திருக்காது. செய்யாத வேலைக்கு, இல்லாத பாகத்தின் பெயரில் என்னிடம் காசு வாங்கியிருக்கிறீர்கள்.

அந்த நேரம் பில்லை வரி வரியாகப் பார்க்காமல் காசைக் கட்டிவிட்டேன். என் கவனம் முழுவதும் பழைய கொக்கியில் இருந்தது. “சிப் பை எங்கே தம்பி?” என்று கேட்டேன். அவர் உள்ளே போய் வந்து, “அது குப்பையில போட்டாச்சு அங்கிள், உடைஞ்சதுதானே” என்றார்.

இந்தக் கடிதத்தில் எனக்கு மிகவும் நொந்த இடம் இதுதான். உடைந்த துண்டு உங்களுக்குக் குப்பை. எனக்கு அதுதான் அச்சு. நுனியும் அடியும் கையில் இருந்தால், நாளைக்கு எந்தக் கொக்கி தோற்றாலும் அதை அளந்து, அதே வளைவில், அதே தடிப்பில் இன்னொன்று செய்விக்கலாம். அவை போனால் அளவும் போய்விட்டது. 1993 வரையான டாஷ்போர்டுக்குரிய பாகங்கள் பழைய கார் உடைக்கும் இடங்களில் இப்போது லேசில் அகப்படுவதில்லை. இந்த முதல் தலைமுறைக் கார்களை ஜப்பானில் திருத்திக் கொடுக்கும் சேவையை மஸ்டாவே 2017 இல் அறிவித்து, நின்றுபோன பாகங்கள் சிலவற்றை மீண்டும் செய்யத் தொடங்கியது. இந்தக் காருக்குப் பழைய பாகம் எவ்வளவு முக்கியம் என்பதை அதிலிருந்தே நீங்கள் விளங்கிக்கொள்ளலாம்.

இனி நீங்கள் பொருத்திய கொக்கி. பில்லில் “கொக்கி – 1” என்று மட்டும் இருந்தது. வீட்டுக்கு வந்து வெளிச்சத்தில் பார்த்தபோதுதான் 3டி பிரிண்டரில் அச்சிட்டது என்று தெரிந்தது. படை படையாக ஏறிய கோடுகள் நன்றாகத் தெரிந்தன. பிரிண்டரில் செய்ததில் எனக்கு ஆட்சேபம் இல்லை. பழைய கார் வைத்திருக்கும் பலருக்கு இன்று அதுதான் வழி. ஆனால் எந்தப் பிளாஸ்ரிக்கில் அச்சிடுகிறோம் என்பதைப் பார்க்க வேண்டும். பிஎல்ஏ என்ற மலிவான வகை ஏறக்குறைய 60 பாகை செல்சியஸில் இளகத் தொடங்கும். ஏபிஎஸ் வகை 100 பாகை அளவுக்குத் தாக்குப்பிடிக்கும். கோடை வெயிலில் நிறுத்திய காரின் டாஷ்போர்ட் 70 பாகை அளவுக்குச் சூடாகலாம். காருக்குள் போடும் பாகத்தை பிஎல்ஏயில் செய்யக் கூடாது என்பது இந்த வேலை செய்கிற எல்லோருக்கும் தெரிந்த விடயம்.

யூன் 28 சனிக்கிழமை, கூரையை மூடி, கடைத்தெருவில் வெயிலில் மூன்று மணித்தியாலம் காரை நிறுத்தியிருந்தேன். திரும்பி வரும் வழியில் கிங்ஸ்ரன் வீதியில் ஒரு சின்னப் பள்ளத்தில் ரயர் இறங்கியதும் மூடி படாரென்று திறந்து என் மனைவியின் முழங்காலில் அடித்தது. அண்ணாவின் கொப்பி, காப்புறுதி அட்டை எல்லாம் அவர் காலடியில் கொட்டின. காயம் பெரிதில்லை, நீலம் பாரித்தது மட்டும்தான். பதறிப்போய் நான் அந்தப் பக்கம் திரும்பிய ஒரு கணத்தில் முன்னால் போன பஸ் பிரேக் பிடித்திருந்தால் என்ன நடந்திருக்கும் என்று இன்றும் நினைக்கிறேன்.

வீட்டில் கழற்றிப் பார்த்தேன். கொக்கியின் நாக்கு கீழ்நோக்கி வளைந்திருந்தது. சந்தேகம் தீர, வளையாமல் இருந்த அதன் அடிப்பகுதியை 65 பாகை வெந்நீரில், சமையலுக்கு வைத்திருக்கும் வெப்பமானியால் அளந்துகொண்டே, ஒரு நிமிடம் போட்டு எடுத்தேன். இரண்டு விரலால் அழுத்த வளைந்து கொடுத்தது. அந்தத் துண்டை எறியாமல் வைத்திருக்கிறேன். நீங்கள் வந்து பார்க்கலாம்.

கழற்றும்போது இன்னொன்றும் கண்டேன். அச்சிட்ட கொக்கி சரியான இடத்தில் உட்காராததால், மூடியின் வெளி முகத்தில் இரண்டு துளை போட்டு, முன்பக்கத்திலிருந்து திருகாணி ஏற்றியிருக்கிறார்கள். திருகாணித் தலைக்கு மேல் கறுப்பு மை பூசியிருந்ததால் முதலில் என் கண்ணில் படவில்லை. 32 வருடம் ஒரு கீறலும் இல்லாமல் இருந்த மூடி. துளை போடட்டுமா என்று என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் வேண்டாம் என்றிருப்பேன், காரை அப்படியே எடுத்துக்கொண்டும் போயிருப்பேன்.

யூலை 2 இல் நான் எடுத்துச் சொன்னபோது, “முப்பது வருசக் கார் அங்கிள், பிளாஸ்ரிக் எல்லாம் அப்பிடித்தான்” என்று பதில் வந்தது. வளைந்தது முப்பது வருடப் பிளாஸ்ரிக் அல்ல, நீங்கள் போட்ட 44 நாள் பிளாஸ்ரிக். யூலை 7 இல் உங்களுடன் பேச வேண்டும் என்று கேட்டேன். திரும்ப அழைப்பதாகச் சொன்னார்கள். ஒரு வாரமாக அழைப்பு வரவில்லை.

ஒன்ராறியோவின் 2002 ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் வாகனத் திருத்த வேலைக்கென்று தனிப் பகுதி உண்டு. அதைப் பற்றிய அறிவித்தல் உங்கள் கவுண்டருக்குப் பின்னால் சுவரிலும் தொங்குகிறது. எழுத்தில் தந்த எஸ்டிமேட்டுக்கு மேல் பத்து வீதத்துக்கு அதிகமாக அறவிட முடியாது. என் விடயத்தில் வரிக்கு முன் 198 டொலர்தான் உச்சம். புதிய பாகத்துக்கும் கூலிக்கும் குறைந்தது 90 நாள் அல்லது 5,000 கிலோமீற்றர், எது முந்துகிறதோ அதுவரை உத்தரவாதம் உண்டு. நான் ஓடியது 610 கிலோமீற்றர். பொருத்திய பாகம் எந்த வகை என்று பில்லில் எழுத வேண்டும். கழற்றிய பாகங்கள் வேண்டாம் என்று வாடிக்கையாளர் சொன்னாலொழிய அவற்றைச் சுத்தமான கொள்கலனில் போட்டுத் திருப்பித் தர வேண்டும். நான் வேண்டாம் என்று சொல்லவில்லை, வேண்டும் என்று எழுதுவித்தேன்.

ஆகவே நான் கட்டிய 297 டொலர் 19 சதத்தையும் முழுமையாகத் திருப்பித் தரும்படி கேட்கிறேன். 198 டொலருக்கு மேற்பட்டதை மட்டும் தருகிறோம் என்றால் ஏற்கமாட்டேன், ஏனென்றால் அந்த 198 க்கும் உரிய வேலை நடக்கவில்லை. துளை போட்ட மூடிக்குப் பதிலாக, 1990–1993 டாஷ்போர்டுக்குரிய நல்ல நிலையில் உள்ள பழைய மூடியொன்றை உங்கள் செலவில் தேடித் தரவேண்டும். உங்களுக்குப் பாகம் விற்பவர்கள் பல இடத்தில் இருக்கிறார்கள், நான் தேடுவதைவிட உங்களுக்கு அது சுலபம். இன்றிலிருந்து 15 நாட்களுக்குள் எழுத்தில் பதில் தாருங்கள். வராவிட்டால் இந்தக் கடிதத்தையும் பிரதிகளையும் மாகாண அரசின் நுகர்வோர் பாதுகாப்புப் பிரிவுக்கு அனுப்புவேன்.

கவுண்டரில் நிற்கும் தம்பியை இதற்காக வேலையால் நிறுத்திவிட வேண்டாம். நான் சொன்னதை அவர் படிவத்தில் சரியாக எழுதினார். எழுதியதை உள்ளே வேலை செய்தவர் வாசிக்கவில்லை. வேலைப் படிவம் காரோடு சேர்ந்து உள்ளே போகிறதா என்று நீங்கள்தான் பார்க்க வேண்டும்.

கடைசியாக ஒன்று. குப்பையில் போட்டதாகச் சொன்னார்களே தவிர, போட்டதை யாரும் கண்டதாகச் சொல்லவில்லை. வேலை மேசையின் இழுப்பறை, ஆணிகள் போட்டு வைக்கும் தட்டு, கராஜின் மூலையில் நிற்கும் பழைய பாகப் பெட்டி ஆகியவற்றில் ஒருமுறை தேடிப் பாருங்கள். சிப் பையின் மேல் நீல மையில் “மியாட்டா” என்று எழுதியிருக்கும். அகப்பட்டால் எந்த நேரமானாலும் எனக்கு அழையுங்கள், நானே வந்து எடுத்துக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்

இணைப்பு: வேலைப் படிவத்தின் பிரதி, மே 15 பில்லின் பிரதி, வளைந்த கொக்கியினதும் துளையிட்ட மூடியினதும் ஐந்து படங்கள்.