இந்த வருஷம் டென்னிஸ் கோர்ட்டுக்கு என்ன செய்தோம்: செயலாளரின் ஆண்டறிக்கை

உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம். கூட்டங்கள் வழக்கம்போல் நடந்தன, வரவு செலவைப் பொருளாளர் தனியாக வாசிப்பார். செயற்குழு இந்த வருஷம் பேசியதில் பெரும்பகுதி நம் டென்னிஸ் கோர்ட்டின் தளத்தைப் பற்றித்தான், அதனால் அறிக்கையும் அதைப் பற்றியே.

எப்போது பெயின்ட் அடிப்பீர்கள் என்றுதான் பார்க்கிற எல்லோரும் கேட்கிறீர்கள். நியாயம்தான், பச்சை வெளுத்துவிட்டது, பேஸ்லைன் (கோர்ட்டின் பின்பக்கக் கோடு) பக்கம் அடியில் இருக்கும் தார் தெரிகிறது. ஆனால் வெயிலையும் நம் ஓட்டத்தையும்விடத் தளத்தை அதிகம் கெடுப்பது தண்ணீர். தேங்கிய இடத்தில் பூச்சு உப்பி உரிகிறது, நிழலும் சேர்ந்தால் பாசி பிடிக்கிறது, விரிசல் வழியாக உள்ளே இறங்கினால் அடித்தளமே இளகிவிடும். இதைக் கவனிக்காமல் மேலே புதுப் பூச்சு போட்டால் காசு தண்டம்.

அதனால் முதல் வேலையாகக் கோர்ட் முழுக்கத் தண்ணீர் விட்டு ஒரு மணி நேரம் வடியவிட்டோம். அதற்குப் பிறகும் சுமார் 1.6 மில்லிமீட்டருக்கு மேல் நிற்கிற இடம் குழிவு, அதைச் சாக்பீஸால் வளைத்துக் குறிக்க வேண்டும். தளத்துக்கு ஒரே பக்கமாக நூற்றுக்கு ஒன்று என்ற அளவில் வாட்டம் (சரிவு) இருந்தால் போதும். நம்முடையதில் வாட்டம் சரி, கெட்டது ஓரம்தான்: வேலிப் பக்கம் வருஷக்கணக்காகச் சேர்ந்த மண்ணும் புல்லும் தளத்தைவிட உயர்ந்து அணை கட்டினதுபோல் தண்ணீரை மறித்திருந்தன. மண்ணை வெட்டி எடுத்ததிலேயே பாதிப் பிரச்சினை தீர்ந்தது! மீதி இருந்த குழிவுகளில் அக்ரிலிக் பிசின், மணல், சிமென்ட் கலந்து போட்டு மட்டப்பலகையால் இழுத்துவிட்டோம்.

அப்புறம் அந்த நெட் கம்பத்து விரிசல். அடைத்தோம், ஆனால் அது திரும்ப வரும் என்று இப்போதே சொல்லிவிடுகிறேன். தார்த்தளம் சூட்டில் விரியும், குளிரில் சுருங்கும், அடைத்த கலவை அந்த இழுப்பை ரொம்ப நாள் தாங்காது. விரிசலின் மேல் துணி பதித்து அதன் மேல் பூசுகிற முறை ஒன்று இருக்கிறது, அடியில் தளம் அசைந்தாலும் மேல் பூச்சு சீக்கிரம் கிழியாது, செலவுதான் கூடுதல்.

சுத்தம் செய்வதில் ஒன்றே ஒன்று. பிரஷர் வாஷரின் முனையைத் தளத்தோடு ஒட்டிப் பிடித்து அடிக்காதீர்கள், பாசியோடு பூச்சும் பெயர்ந்து வரும். உதிர்ந்த இலைகளைப் பெருக்கிவிடுங்கள், நனைந்து கிடந்தால் கறை ஏறும். (சைக்கிள் ஸ்டாண்டைத் தளத்தில் ஊன்றுபவர்களுக்குத் தனியாகச் சொல்லியாகிவிட்டது.)

முழுப் பூச்சு அடுத்த வருஷம். பொதுவாக 4 முதல் 8 வருஷத்துக்கு ஒருமுறை தேவைப்படுகிற வேலை இது. மழை இல்லாத நாட்கள் வேண்டும், ஒவ்வொரு பூச்சும் நன்றாகக் காய்ந்த பிறகுதான் அடுத்தது. பூச்சில் கலக்கும் மணல் கரடாகவும் அதிகமாகவும் இருந்தால் பந்து மெதுவாக வரும், கால் வழுக்காது. குறைத்தால் பந்து பறக்கும். இளவட்டங்கள் வேகம் கேட்கிறார்கள், முழங்கால்காரர்கள் வேண்டாம் என்கிறார்கள், குழு நடுத்தரமாகப் போடலாம் என்கிறது. இதற்கும், விரிசலுக்குத் துணி பதிக்கும் செலவுக்கும் பொதுக்குழுவில் கை தூக்க வேண்டியிருக்கும், வந்துவிடுங்கள்.