தக்காளி விலையும் பெரியப்பாவின் நோட்டும்

அன்புள்ள முருகேசா,

உன் கடிதம் கிடைத்தது. இங்கே எல்லோரும் நலம், அம்மாவுக்கு முழங்கால் வலிதான் விட்டபாடில்லை. மகள் கிருஷ்ணகிரியில் காலேஜ் சேர்ந்துவிட்டாள்.

"தக்காளி இந்த சீசனில் சராசரியாக கிலோ 20 ரூபாய் போயிருக்கே, அப்புறம் ஏன் ராயக்கோட்டைப் பக்கம் எல்லாரும் நஷ்டம்கிறாங்க?" என்று கேட்டிருந்தாய். நியாயமான கேள்வி. பெரியப்பாவின் நோட்டை வாங்கிப் பார்த்தேன். காய்ப்பு உச்சத்தில் இருந்தபோது 1,000 கிலோ மண்டிக்குப் போனது, விலை 5 ரூபாய். அடுத்து 300 கிலோ, 15 ரூபாய். செடி ஓய்ந்த பிறகு பறித்தது வெறும் 100 கிலோ, அப்போது விலை 40. மூன்று விலையையும் கூட்டி மூன்றால் வகுத்தால் 20 வருகிறது, சரி. ஆனால் 1,400 கிலோ விற்று அவர் கைக்கு வந்தது 13,500 ரூபாய், கிலோவுக்கு 10 ரூபாய்கூட இல்லை, இதிலேதான் பறிப்புக் கூலி, வண்டி வாடகை, கமிஷன் எல்லாம் போக வேண்டும்.

காய் குவியும்போதுதான் விலை விழுகிறது, யாரிடமும் காய் இல்லாதபோதுதான் ஏறுகிறது. அதனால் ஒவ்வொரு விலையையும் அந்த விலைக்கு விற்ற கிலோவால் பெருக்கித்தான் சராசரி எடுக்க வேண்டும், பள்ளிக்கூடத்தில் நிறையிட்ட சராசரி என்று படித்தோமே, அதுதான். இதில் இன்னொன்றும் இருக்கிறது: மூன்று முறையும் அதே மண்டியில் ஒரே அளவு வாங்கியவருக்கு 20 ரூபாய்தான் சரியான சராசரி. இரண்டு கணக்கிலும் பொய் இல்லை, விற்பவர் கணக்கு வேறு, வாங்குபவர் கணக்கு வேறு. யாருடைய சராசரி என்று சொல்லாமல் எண்ணை மட்டும் போட்டுவிடுகிறார்கள், எனக்கு வருத்தமே அங்கேதான்.

மழைக் கணக்கும் அப்படித்தான். 2024 டிசம்பரில் ஃபெஞ்சல் புயலின்போது ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 செ.மீ. கொட்டியது உனக்கு நினைவிருக்கும். வழக்கமான ஒரு வருஷ மழையில் பாதிக்கு மேல் அது. வருஷக் கணக்கில் அதைச் சேர்த்தால் அந்த ஆண்டு அமோகமாகத் தெரியும், ஆனால் மானாவாரி நிலக்கடலை பூவெடுத்த நேரத்தில் நிலத்தில் ஈரம் இருந்ததா என்பது அதில் தெரியாது, அதற்கு வாரவாரியாகப் பார்க்க வேண்டும்.

பெரியப்பாவிடம் பழைய நோட்டுகளும் இருக்கின்றன, போட்டோ எடுத்து அனுப்புகிறேன். நீ எக்செல்லில் ஏற்றி, கிலோவோடு சேர்த்துப் போட்டுப் பார்த்துச் சொல், அடுத்த நடவை எந்த மாதம் வைக்கலாம் என்று அவர் யோசித்துக்கொண்டிருக்கிறார்.

அன்புடன்,
குமார்