செயின் டைட்டா இருக்குன்னு அப்பா சொன்னாரு

டேய்,

ரெண்டு மாசமா ஒரு வரி எழுதல, திட்டணும்னா இப்பவே திட்டி முடிச்சிடு. நான் நல்லா இருக்கேன், வண்டியும் நல்லா இருக்கு, வாத்தியோட டார்ச்ச இன்னும் தொலைக்கலன்னு அவன்கிட்ட சொல்லிடு. இப்ப ரெண்டு விஷயத்துக்காக எழுதறேன். ஒண்ணு உன்னத் திட்டறதுக்கு. இன்னொண்ணு போன்ல சொல்ல வாய் வராது, கீழ எழுதறேன்.

நேத்து ஒன்பதாவது நாள். 340 கிலோமீட்டர் ஓட்டி அக்கா வீட்டுக்குப் போய்ச் சேரணும், அப்பா அம்மாவும் அங்கதான் வந்திருந்தாங்க. காலைல 5 மணிக்கே இருட்டோட கிளம்பிட்டேன். அம்மா கேட்டாங்களேன்னு வாட்ஸ்அப்ல லைவ் லொகேஷன் போட்டு விட்டேன், அது 8 மணி நேரத்துக்கு மேல ஓடாதுன்னு எனக்கு உறைக்கவே இல்ல. ஒரு மணிக்கு டான்னு புள்ளி மறைஞ்சு போச்சு. நான் காதுல இயர்பிளக்க சொருகிட்டு என் பாட்டுக்கு போய்ட்டு இருக்கேன், அங்க அம்மா அழுதுட்டு உக்காந்திருக்காங்க. பெட்ரோல் போட நிறுத்தும்போது பாத்தா 14 மிஸ்டு கால். மாமா மட்டும் "உயிரோட இருந்தா ஒரு தம்ஸ் அப் போடு"ன்னு மெசேஜ் அனுப்பியிருக்காரு. அவரு மாறவே மாட்டாரு.

சரி, இப்ப உன் விஷயத்துக்கு வரேன். 200 கிலோமீட்டர் தாண்டினதுல இருந்து வண்டில ஒரு மாதிரி ஊளைச் சத்தம், ஸ்பீட் பிரேக்கர்ல ஏறி இறங்கும்போது பின்னாடி யாரோ புடிச்சு இழுக்கற மாதிரி இருக்கு, ஃபுட்ரெஸ்ட் வேற கால்ல அதிருது. கைலயும் மோதிர விரலும் சுண்டு விரலும் மரத்துப் போச்சு, ஆனா அது நான் ஹேண்டில உடும்பு மாதிரி புடிச்சதால வந்தது, அத உன் கணக்குல எழுதல. மூணு மணிக்குப் போய் எறங்கறேன், அம்மா என் மூஞ்சியப் புடிச்சுப் பாக்கறாங்க, அக்கா பையன் ஹெல்மெட்டப் புடுங்கறான், அப்பா எங்கன்னு பாத்தா வண்டிக்குப் பின்னாடி குத்த வெச்சு உக்காந்துட்டாரு. அடிப்பக்கம் செயினுக்கு நடுவுல ஒரு விரல வெச்சு மேலயும் கீழயும் ஆட்டிப் பாத்தாரு, ஆடவே இல்ல. "யார்றா இவ்ளோ டைட் வெச்சது?"ன்னாரு. நான் உன்னக் காட்டிக் குடுத்துட்டேன், மன்னிச்சிடு.

என் வண்டிக்கு 25ல இருந்து 35 மில்லிமீட்டர் ஆட்டம் இருக்கணும்டா. நீ சத்தம் வரக்கூடாதுன்னு விறைப்பா இழுத்து வெச்சிட்ட. வண்டி சும்மா நிக்கும்போது பாத்தா சரியாத்தான் இருக்கும். நான் ஏறி உக்காந்து, பேக்கெல்லாம் கட்டி, பின் சஸ்பென்ஷன் அமுங்குச்சுன்னா பின் வீலப் புடிச்சிருக்கற ஸ்விங்ஆர்ம் மேல ஏறும், செயின் இன்னும் இழுத்துக்கும். அதுக்கு மேல ஒரு பள்ளத்துல விழுந்தா அந்த இழுவைய கியர்பாக்ஸ் ஷாஃப்ட் பேரிங்கும் வீல் பேரிங்கும்தான் தாங்கணும். இதெல்லாம் அப்பா சொன்னது, நான் பெரிய மெக்கானிக் மாதிரி தலையாட்டிட்டு நின்னேன். பேக்க எல்லாம் எறக்கி, சென்டர் ஸ்டாண்ட் போட்டு, வீல கொஞ்சம் கொஞ்சமா சுத்தி, எந்த எடத்துல ரொம்ப இறுகுதுன்னு தேடிப் புடிச்சு, அந்த எடத்துல வெச்சுத்தான் அட்ஜஸ்ட் பண்ணணும்னாரு. ஸ்பேனர் போட்டது நான். வீல் நேரா நிக்கணும்னு ரெண்டு பக்கமும் அட்ஜஸ்டர் கோடு ஒரே மாதிரி இருக்கான்னு பாத்தது அவரு. ஆக்சில் நட்ட முறுக்கினப்பறம் திரும்பவும் ஒரு தடவ விரல வெச்சுப் பாத்தாரு. கை நடுங்குது. ஆனா செயின் மேல வெச்ச அந்த ஒரு விரல் நடுங்கலடா, நான் பாத்தேன்.

அப்பறம் துணியில கையத் தொடச்சிட்டு, ரொம்ப சாதாரணமா, "சாவி குடு, ஒரு ரவுண்டு போய்ட்டு வந்துடறேன்"ன்னாரு.

அவரு ஓட்டி ரெண்டு வருஷம் ஆச்சு. அந்த நடுக்கம் வந்தப்பறம் அவரோட பழைய வண்டிய வித்தது நான்தான், உனக்குத் தெரியும், நீதான் ஆள் புடிச்சுக் குடுத்த. அக்கா வாசல்ல நின்னு என்னையே மொறைச்சுப் பாக்கறா. வேணாம்னு நேரா சொல்லியிருக்கலாம். பின்னாடி உக்காருங்கப்பா, நான் ஓட்டறேன்னு சொல்லியிருக்கலாம், அது இப்பதான் தோணுது. நான் என்ன சொன்னேன் தெரியுமா? "பின் பிரேக் ஒரு மாதிரி இருக்குப்பா, பாத்துட்டுத் தரேன்." ஒரு மணி நேரமா வண்டிய இஞ்ச் இஞ்சா தடவிப் பாத்த மனுஷன்கிட்ட! அவரு என்ன ஒரு பார்வ பாத்தாரு, "சரி, பாத்துக்கோ"ன்னுட்டு உள்ள போய்ட்டாரு. ராத்திரி முழுக்க எல்லாரும் அரட்ட, மாமா ஜோக்கு, அக்கா பையன் என் ரைடிங் ஜாக்கெட்டப் போட்டுட்டுத் தூங்கவே மாட்டேன்னு அடம். எனக்கு ஒண்ணும் ஒட்டல.

இன்னிக்குக் காலைல அஞ்சரைக்கு வெளிய வரேன், அப்பா ஏற்கனவே அங்க இருக்காரு. வாத்தியோட டார்ச்ச வாயில கவ்விட்டு, கையால பிரேக் பெடல அமுக்கி அமுக்கிப் பாக்கறாரு, இன்னொரு கையால பின் வீல சுத்தறாரு. என்னப் பாத்ததும் டார்ச்ச எடுத்துட்டு, "ராத்திரியெல்லாம் நெனச்சிட்டே இருந்தேன், நீ பாட்டுக்கு இத ஓட்டிட்டுப் போய்டுவியேன்னு. ஒண்ணும் இல்லடா, நல்லாத்தான் புடிக்குது"ன்னாரு.

நெஜமாவே நம்பிட்டாரா, இல்ல எனக்குத் திருப்பிக் குடுத்தாரான்னு எனக்குப் புரியவே இல்ல. கிளம்பி 280 கிலோமீட்டர் ஓட்டிட்டேன், இன்னும் அதையேதான் யோசிக்கறேன். வண்டி என்னமோ வெண்ணெய் மாதிரி போகுது.

உங்கப்பாகிட்ட கார் சாவிய எப்படிடா வாங்கின? அன்னிக்கு நீ சொல்ல வந்தப்ப நான் சிரிச்சு மழுப்பிட்டேன். இப்ப சொல்லு. திரும்பி வரும்போது இதே வழியாத்தான் வரேன், 12 நாள் இருக்கு, அவங்க அதுவரைக்கும் அங்கதான் இருப்பாங்க, அவரு கண்டிப்பா மறுபடி கேப்பாரு.

உன் ஸ்பேனர் செட்ட வீடு முழுக்க தேடாத, என் பேக்லதான் இருக்கு. அப்பா தொடச்சு வரிசையா அடுக்கி வெச்சிருக்காரு, அதுல 12ஆம் நம்பர் இல்லன்னு உன்னத் திட்டினாரு.