நடைபாதைக் குடும்பங்களை எங்கே அனுப்பப் போகிறீர்கள்?

சென்னையில் நடைபாதைக் குடும்பங்களுக்கு மாற்று இடம் தேடித் தரும் பொறுப்பில் இருக்கும் அதிகாரிகளுக்கு,

வணக்கம். பாரிமுனைப் பக்கம் பல வருடமாக வேலைக்கு வந்து போகிறவன் நான். பிராட்வேயிலும் வால்டாக்ஸ் சாலையிலும் தார்ப்பாய் கட்டிக் குடும்பம் நடத்துகிறவர்களைத் தினமும் பார்க்கிறேன். அவர்கள் நடைபாதையை விட்டு ஒரு வீட்டுக்குள் போக வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை. தலைமாட்டில் லாரி போகிற இடத்தில் எந்தக் குழந்தையும் தூங்கக் கூடாது. வளர்ந்த பெண் குளிப்பதற்காக ஊர் விழிக்கும் முன் எழுந்து ஓட வேண்டிய நிலையும் கூடாது. எங்கே அனுப்பப் போகிறீர்கள் என்பதுதான் என் கவலை.

அங்கே பூ கட்டும் ஒரு அம்மாவை எனக்குத் தெரியும். பிறந்ததே அந்தத் தெருவில்தான். அவருடைய பேத்தி இப்போது அதே தெருவில் இருந்து பள்ளிக்கூடம் போகிறாள். பூக்கடைப் பகுதியில் சரக்கு இறங்குவது விடிவதற்கு வெகு முன்பே; அவர் நடந்து போய் உதிரிப்பூ வாங்கி வந்து விடுவார். அவருடைய கணவர் மீன்பாடி வண்டி, அதாவது சரக்கு ஏற்றும் மூன்று சக்கர வண்டி ஓட்டுகிறார். கடைக்காரர்கள் கூப்பிட்டால் நாலு நிமிஷத்தில் போய் நிற்பதால்தான் அவருக்குச் சவாரி கிடைக்கிறது. இப்படிப்பட்டவர்களை வழக்கமாக அனுப்பும் மறுகுடியமர்வுக் குடியிருப்புகளான பெரும்பாக்கமோ கண்ணகி நகரோ இங்கிருந்து ஏறக்குறைய இருபது கிலோமீட்டர், அல்லது அதற்கும் மேல். பெண்களுக்குச் சாதாரணக் கட்டணப் பஸ்ஸில் கட்டணம் இல்லை, சரி. அந்த நேரத்துக்கு அங்கிருந்து எப்படி வந்து சேர்வார்? வண்டிக்காரரைக் கூப்பிடத்தான் முடியுமா?

இது புதிதாகக் கண்டுபிடித்த சிக்கல் இல்லை. 1981-இல் பம்பாயில் நடைபாதைக் குடிசைகளைப் பிரித்தபோது, சேலத்தில் இருந்து பிழைக்கப் போன ஒருவரையும் அவர் குடும்பத்தையும் பஸ் ஏற்றிச் சேலத்துக்கே அனுப்பினார்கள். வறட்சியில் வேலை போய் 1961-இல் ஊரை விட்டவர் அவர். மனைவியும் மூன்று பெண் பிள்ளைகளும் சேலத்தில் தங்கிவிட, அவர் மட்டும் வேலை தேடித் திரும்பிப் போனார். மறுபடியும் நடைபாதை. குடிசையைப் பிரிப்பதற்கு முன் அங்கே அவருக்குக் கிடைத்த நாள் கூலி 23 ரூபாய்தான்! உச்ச நீதிமன்றத்தின் 1985 தீர்ப்பிலேயே இந்த விவரம் இருக்கிறது. நடைபாதையில் குடியிருக்க யாருக்கும் உரிமை இல்லை என்றுதான் அந்தத் தீர்ப்பு சொன்னது. ஆனால் பிழைப்பு என்பது உயிர் வாழும் உரிமையின் பகுதி என்றும், பொதுவாக முன்னறிவிப்பு இல்லாமல் அகற்றக் கூடாது என்றும் சேர்த்தே சொன்னது. அந்த வருட மழைக்காலம் முடிந்து ஒரு மாதம், அதாவது அக்டோபர் 31 வரை யாரையும் அகற்றக் கூடாது என்று நாளும் குறித்தது. நம் ஊரில் மழை தொடங்குவதே அக்டோபரில்தான். அதனால் இடம் மாற்றுவதாக இருந்தால் முழுப் பரீட்சை முடிந்த பிறகு, மே மாதத்தில் செய்யுங்கள். ஜூனில் பிள்ளைகள் புதுப் பள்ளியில் முதல் நாளே உட்காரட்டும். நடு வருடத்தில் டிசி வாங்கிய பிள்ளை, அதுவும் பெண் பிள்ளை, பல நேரம் அதோடு படிப்பை நிறுத்திவிடுகிறது.

அப்புறம் வீடில்லாதவர்கள் தங்கும் காப்பகங்கள். நகர மக்கள்தொகையில் ஒரு லட்சம் பேருக்கு ஒரு காப்பகமாவது வேண்டும், அது வருடம் முழுக்க, நாள் முழுக்கத் திறந்திருக்க வேண்டும் என்று 2010-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. தனியாக இருக்கும் முதியவர்களுக்கு இவை பெரிய ஆறுதல். அதை நடத்துகிறவர்களை நான் மதிக்கிறேன். ஆனால் பெரும்பாலானவை ஆண்களுக்குத் தனி, பெண்களுக்குத் தனி. புருஷன் ஓரிடம், பெண்டாட்டி பிள்ளைகள் ஓரிடம் என்றால் எந்தக் குடும்பம் போகும்? அடுப்பையும் பாத்திரத்தையும் வண்டியையும் எங்கே வைப்பது? குடும்பமாகத் தங்கும் காப்பகங்களை இந்தப் பகுதியிலேயே திறங்கள். மத்திய அரசின் வழிகாட்டுதலே காப்பகம் ரயில் நிலையம், சந்தை, வேலை இடங்களுக்கு அருகில் இருக்கட்டும் என்கிறது.

காப்பகமும் வழியில் ஒரு திண்ணைதான். வீடு வேண்டும். நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் (முன்பு குடிசை மாற்று வாரியம்) பழைய குடியிருப்புகளை இடித்து அதே இடத்தில் உயரமாகக் கட்டுகிறது, புளியந்தோப்பு கே.பி.பார்க்கில் அப்படிக் கட்டினார்கள். வடசென்னையில் இனிமேல் கட்டும் இடங்களில், பழைய குடியிருப்புவாசிகளுக்கு உரியதைக் கொடுத்த பிறகு கூடும் வீடுகளில் ஒரு பங்கை இந்த நடைபாதைக் குடும்பங்களுக்கு ஒதுக்குங்கள். வீடு பெறுகிறவர்கள் கட்ட வேண்டிய பங்குத்தொகையை ஒரே தவணையில் கேட்காதீர்கள். முகவரிச் சான்று இல்லை என்று பட்டியலில் இருந்து தள்ளிவிடாதீர்கள், முகவரி இல்லாததுதானே அவர்களுடைய பிரச்சினை.

கணக்கெடுக்கப் பகலில் போனால் பாதிப் பேர் வேலைக்குப் போயிருப்பார்கள். இரவு பத்து மணிக்கு மேல் போங்கள். பெயரோடு சேர்த்து, எங்கே வேலை, எத்தனை மணிக்கு, பிள்ளை எந்தப் பள்ளி என்பதையும் எழுதிக்கொள்ளுங்கள். அதை வைத்து இடத்தை முடிவு செய்யுங்கள். கூட வந்து தெருத்தெருவாகக் காட்ட நான் தயார்.

நம்பிக்கையுடன்,
பாரிமுனைக்குத் தினமும் வந்து போகும் ஒருவன்