வின்னிப்பெக்கில் இருக்கும் மகளுக்கு, அவளது காரின் பற்றரி குறித்து

ஸ்காபரோ,
ஞாயிறு இரவு

அன்புள்ள மகளுக்கு,

வியாழக்கிழமை காலை கார் "டிக் டிக்" என்ற சத்தத்தோடு நின்றுவிட்டதையும், கீழ்வீட்டுக்காரர் தன் காரின் பற்றரியிலிருந்து கேபிள் கொடுத்துக் கிளப்பிவிட்டதையும் நீ சிரித்துக்கொண்டே சொன்னாய். கார் ஓடுகிறது, இனிக் கவலையில்லை என்று நீ நினைத்துவிட்டதாக எனக்குப் பட்டது. அதனால்தான் தொலைபேசியில் சொல்லி முடிக்க முடியாததை எழுதுகிறேன்.

குளிர் பற்றரியைக் கொன்றுவிட்டது என்று உன் கூட வேலை செய்கிறவர்கள் சொல்வார்கள். என் கணிப்பில் அது பல வாரங்களாக அரைப்பட்டினி கிடந்தது. குளிர் அதைக் காட்டிக்கொடுத்தது. உள்ளே ஈயத் தகடுகளுக்கும் கந்தக அமிலத்துக்கும் இடையே நடக்கும் வேதிவினை குளிரில் மந்தமாகிவிடுவதால், கோடையில் கிடைக்கும் வலுவில் ஏறக்குறைய ஐந்தில் இரண்டு பங்குதான் மைனஸ் 18 பாகையில் கிடைக்கும். அதே காலையில் எஞ்சின் ஒயிலும் தடித்துப்போயிருக்கும்; எஞ்சினைச் சுழற்ற இருமடங்கு வரை மின் வேண்டியிருக்கும். உங்கள் ஊரில் மைனஸ் 30 வரும் இரவுகளும் உண்டு.

வீட்டிலிருந்து ஆஸ்பத்திரிக்கு உனக்கு எட்டு நிமிட ஓட்டம். அந்த எட்டு நிமிடமும் ஹீற்றர் விசிறி, பின்கண்ணாடிச் சூடு, இருக்கைச் சூடு, முன்விளக்கு எல்லாம் இயங்குகின்றன. குளிர்ந்த பற்றரி மின்னை உள்வாங்குவதும் மெதுவாகத்தான். காலையில் செலவழித்ததைத் திரும்பப் பெறும் முன்னரே நீ எஞ்சினை நிறுத்திவிடுகிறாய். யாழ்ப்பாணத்தில் கரண்ட் இல்லாத காலத்தில் சைக்கிள் டைனமோவைச் சுழற்றி ரேடியோ கேட்டவர்கள் நாங்கள். மிதித்த அளவுக்குத்தான் செய்தி கேட்கும். உன் காரும் அப்படித்தான், போதிய அளவு மிதிபடவில்லை. தம்பி பூட்டித்தந்த கமரா, கார் நிற்கும்போதும் மின்னை இழுத்துக்கொண்டு ஓடுகிறதா என்று முதலில் பார். ஓடினால் அதைக் கழற்றிவிடு.

இந்த நாட்டில் என் முதல் குளிர்காலம் 1994 ஜனவரியில், ரொறொன்ரோ விறைத்துக்கிடந்த நாட்களில் கழிந்தது. பேப்பர் போடுவதற்காக வாங்கிய பழைய காரைக் காய்ச்சலால் பத்து நாள் தொடாமல் விட்டிருந்தேன். பிறகு மூடியைத் திறந்தபோது பற்றரியின் பக்கச் சுவர்கள் ஊதிய பலூன்போல வெளியே தள்ளிக்கொண்டு நின்றன. ஒன்றும் புரியாமல் கேபிளை எடுத்துக்கொண்டு குனிந்தேன். பக்கத்து அறையில் இருந்த அண்ணர் ஓடிவந்து கையைத் தட்டிவிட்டார். நிறைந்த பற்றரியின் அமிலம் மைனஸ் 50இலும் உறையாது. வெறுமையான பற்றரியில் அது தண்ணீர்போல ஆகிவிடுவதால் மைனஸ் 7 அளவிலேயே உறைந்துவிடும். உறைந்ததற்குள் மின் செலுத்தினால் அது வெடிக்கக்கூடும். ஆகவே கேபிள் போடுவதற்கு முன், யார் உதவிக்கு வந்தாலும், பற்றரி வீங்கியிருக்கிறதா என்று நீயே குனிந்து பார்க்க வேண்டும்.

உன் காரின் முன்பக்கம் தொங்கும் பிளக்கைப் பற்றியும் சொல்ல வேண்டும். அதைச் செருகினால் பற்றரிக்கு மின் ஏறும் என்று நீ நம்பியிருக்கிறாய். அது எஞ்சினைச் சூடாக்கும் பிளொக் ஹீற்றர். எஞ்சின் சூடாக இருந்தால் பற்றரியின் சுமை குறையும், அவ்வளவுதான். புறப்படுவதற்கு இரண்டு மூன்று மணி நேரம் முன்னர் அது வேலைசெய்யும்படி டைமர் வைத்தால் போதும், இரவு முழுவதும் ஓடவிட்டு மின்கட்டணம் கட்ட வேண்டாம். மின் ஏற்றுவதற்குச் சிறிய சார்ஜர் ஒன்றை நாளை தபாலில் அனுப்புகிறேன். நிறைந்ததும் அது தானாகவே குறைத்துக்கொள்ளும் வகை என்பதால், லீவு நாட்களில் பூட்டியபடியே விடலாம். பற்றரியின் மேல் ஏஜிஎம் என்று அதன் வகை எழுதியிருந்தால் சார்ஜரிலும் அதே பொத்தானை அழுத்து. முனைகளில் வெள்ளையும் பச்சையுமாகப் பூத்திருந்தால் அப்பச்சோடாக் கரைசலால் துடை; கழற்றும்போது மைனஸ் வயரை முதலில், பூட்டும்போது அதைக் கடைசியில்.

சார்ஜரோடு, மின்னழுத்தத்தை அளக்கும் என் பழைய மல்ரிமீற்றரையும் வைத்திருக்கிறேன். கார் இரவு முழுக்க நின்ற பிறகு, காலையில் எஞ்சினைத் தொடும் முன் பற்றரியை அளந்து பார். 12.6 வோல்ற் காட்டினால் நிறைவு; 12.4 என்றால் முக்கால், 12.2 என்றால் பாதிதான், அன்றைக்கே சார்ஜரைப் பூட்ட வேண்டும். எஞ்சின் ஓடும்போது 14ஐ ஒட்டி நிற்க வேண்டும். நிற்காவிட்டால் கோளாறு, ஓடும்போது பற்றரிக்கு மின் ஏற்றும் ஆல்ரனேற்றரிலோ வயர்களிலோ இருக்கலாம், கராஜில் காட்டு. முழுதாக ஏற்றியும் மறுநாள் காலை 12.4க்குக் கீழே இறங்கினால், கார் நிற்கும்போது வேறு எதுவும் மின்னை இழுக்கவில்லை என்றால், அந்தப் பற்றரிக்கு வயதாகிவிட்டது. புதியது வாங்கும்போது விலையைப் பார்க்காதே. மைனஸ் 18இல் எவ்வளவு அம்பியர் தரும் என்று மேலே அச்சிட்டிருக்கும் எண், காரின் கையேட்டில் உள்ளதற்குக் குறையக் கூடாது. காசு குறைந்தால் நான் தருகிறேன்.

பொதி வந்ததும் முதல் நாள் காலை அளந்த எண்ணை எனக்கு அனுப்பு. அம்மா மிளகாய்த்தூளும் வைத்திருக்கிறாள். மீற்றரை எடுக்கும்போது பையைக் கிழித்துவிடாதே.

அன்புடன்,
அப்பா