காலக்கெடுவை யார் எழுதுகிறார்கள்?

ஆசிரியருக்கு, நியூயார்க் நகர நிர்வாகத்தில் வழக்கறிஞர்களின் பணி பற்றிய தங்கள் கட்டுரையைப் படித்தேன். நல்ல கட்டுரைதான், ஆனால் நீதிமன்ற வழக்குகளுக்கே அதிக இடம் கொடுத்துவிட்டீர்கள். ஒரு வீடு எத்தனை ஆண்டு மலிவு வாடகையில் நீடிக்கும் என்பதைத் தீர்மானிப்பது வழக்கல்ல, நகரமும் உரிமையாளரும் போடும் ஒப்பந்தத்தின் வாசகம். அரசுக் கடனுதவியுடன் மலிவு வீடுகள் கட்ட 1955-இல் அங்கு தொடங்கிய மிட்செல்-லாமா திட்டத்தில், 20 ஆண்டுகள் கழிந்ததும் கடனை அடைத்துவிட்டு உரிமையாளர் வெளியேறலாம் என்ற வழி இருந்தது. அந்த வழியாகவே ஏராளமான வீடுகள் சந்தை வாடகைக்குப் போய்விட்டன. 2016-இல் கொண்டுவந்த கட்டாய மலிவு வீட்டு விதியில், அதாவது சில புதுக் கட்டடங்களில் ஒரு பகுதியை மலிவு வீடுகளாக ஒதுக்கச் சொல்லும் விதியில், அவை 'நிரந்தரமாக' மலிவாகவே இருக்க வேண்டும் என்று எழுதினார்கள். அதை முன்பே எழுதியிருக்கலாம், சரி.

ஒப்பந்தங்களைச் சரிபார்க்கும் வேலையில் சில காலம் இருந்தவன் நான். வாடகைக் கட்டுப்பாடு எப்போது முடிகிறது என்ற விவரம் பெரும்பாலும் கடைசி இணைப்பில்தான் இருக்கும், ஒப்புதல் தருகிறவர்கள் அதுவரை புரட்டுவதே இல்லை. அப்புறம் கெடு முடியும்போது குடியிருப்பவர் தலையில் விடிகிறது. எனவே ஒவ்வொரு திட்டத்துக்கும் கட்டுப்பாடு முடியும் ஆண்டை முதல் பக்கத்திலேயே அச்சிட வேண்டும், அந்தப் பட்டியலை நகரச் சட்டத்துறை ஆண்டுதோறும் வெளியிட வேண்டும்.

– ஒரு வாசகர்