கீசர் சொட்டுனா எம்சீல் வெச்சு அடைக்காதீங்க

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்.

போன மாசம் எங்க வீட்டு கீசர் சொட்ட ஆரம்பிச்சது, 15 லிட்டர் டேங்க், வாங்கி 6 வருஷம் ஆகுது. சர்வீஸ்க்கு வந்தவர் கவரக்கூட கழட்டல, அண்ணாந்து பாத்துட்டு டேங்க் போச்சும்மா, புதுசு வாங்கிடுங்கன்னு சொல்லி விசிட் சார்ஜ மட்டும் வாங்கிட்டுப் போயிட்டார். கீழ் வீட்டு அக்கா வேற, சொட்டுற எடத்துல எம்சீல, அதான் பெசஞ்சு ஒட்டுனா கல்லா இறுகுமே அந்தப் பசைய, அப்பிடுங்கன்னாங்க. நல்லவேளை ரெண்டையும் கேக்கல.

எங்க வீட்டுக்காரர் கரண்ட் போர்டுல கீசருக்கான எம்.சி.பி. சுவிட்ச ஆஃப் பண்ணி, தண்ணி ஆறுனதும் அடிப்பக்கம் பூரா துடைச்சு, ஒவ்வொரு ஜாயிண்ட்லயும் டிஷ்யூ பேப்பரச் சுத்தி விட்டார். அரை மணி நேரம் கழிச்சுப் பாத்தா தண்ணி உள்ள போற பைப் ஜாயிண்ட்ல இருந்த பேப்பர் மட்டும் நனைஞ்சிருக்கு. கீசருக்குத் தண்ணி வர்ற பைப்ப மூடிட்டு நட்டக் கழட்டுனா வாசர் கல்லு மாதிரி இறுகி ரெண்டா ஒடஞ்சு வருது, சுத்தி வெள்ளையா உப்பு. போர் தண்ணி வேற எப்படி இருக்கும்! புது வாசர் 15 ரூபா, கொஞ்சம் டெஃப்லான் டேப், அவ்ளோதான்.

ஆனா நான் எழுதுறது அந்த எம்சீலுக்காக. கீசர்ல தண்ணி உள்ள போற பக்கம் ஒரு சேஃப்டி வால்வு இருக்கும். தண்ணி சூடானா விரியும், 15 லிட்டர் நல்லா சூடானா கிட்டத்தட்ட கால் லிட்டர் கூடிடும், உள்ள எடம் இல்லாததால அது வால்வோட ஓட்ட வழியா சொட்டும். கீசர் ஓடும்போது மட்டும் சொட்டி அப்புறம் நின்னுட்டா அது ரிப்பேரே இல்ல, ராவும் பகலும் சொட்டுனாதான் வால்வப் பாக்கணும். பாத்ரூம் நனையுதேன்னு அந்த ஓட்டைய அடைச்சிட்டா, தண்ணி சூடானதும் கரண்ட நிறுத்துற தெர்மோஸ்டாட் என்னிக்காவது கட் ஆகாம போனா பிரஷர் போக வழியில்லாம டேங்க்கே வெடிக்கலாம். எங்க அபார்ட்மெண்ட்லயே ரெண்டு வீட்ல குச்சி சொருகி வெச்சிருக்காங்க, கேட்டா பிளம்பர்தான் வெச்சாராம்!

டேங்க்கே நெசமா ஓட்டையானா கவருக்கு அடில துரு கலர்ல வடியும், அத ஒட்டிப் பிரயோஜனம் இல்ல, மாத்தத்தான் வேணும். அப்படி ஆகாம இருக்கத்தான் உள்ள ஒரு மக்னீசியம் ராடு வெச்சிருக்காங்க, டேங்க்குக்குப் பதிலா அது கரையும். தண்ணிய சூடாக்குற எலிமெண்ட் மாட்டியிருக்கற பிளேட்டக் கழட்டி எங்களுதப் பாத்தா நடுக் கம்பி மட்டும் மிச்சம் இருக்கு. அந்த ராடையும், பிளேட் ஓரம் தண்ணி கசியாம இருக்க வெக்கிற கேஸ்கட்டையும் அப்பவே மாத்திட்டோம். உப்புத் தண்ணி ஏரியால வருஷம் ஒருக்கா இதப் பாக்கணும், 6 வருஷமா வந்த சர்வீஸ் ஆளுங்க ஒருத்தரும் வாயத் தொறக்கல.

உங்க வீட்டுக் குறிப்புப் பகுதில வெங்காயம் நறுக்குறப்போ கண்ணு எரியாம இருக்க வழி எத்தனவாட்டி படிச்சாச்சு. மார்கழிக்கு முன்னாடி, எது வால்வு எது ஜாயிண்ட்னு அம்பு போட்டு ஒரு படம் போடுங்க சார், அந்த ரெண்டு வீட்டுக்கும் கட் பண்ணிக் குடுக்கணும்.

வாசகி, தாம்பரம்